வெட்டிய அட்டை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் கோவில்பட்டிக்காரன். பன்னிரண்டு வருடமாகக் கனடாவில், எட்மன்டனில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். இப்போது பகுதி நேரமாகச் சட்டமும் படிக்கிறேன். மருந்தாளுநரே மருந்து எழுதித் தருவதை நிர்வாகச் சட்டத்தின் (அரசு அமைப்புகளின் அதிகாரத்துக்கு வரம்பு சொல்லும் சட்டம்) வழியாகப் பார்ப்பதுதான் என் ஆய்வு. இங்கே ஆல்பர்ட்டாவில் 2007-லேயே அந்த உரிமை வந்துவிட்டது. ஆனால் சட்டமன்றம் நேராகத் தரவில்லை, ஒரு சட்டத்தின் கீழ் போட்ட விதிகள் மூலம் வந்தது. இவ்வளவு பெரிய அதிகாரத்தை இப்படிக் கொடுப்பது ஜனநாயகமா? நம் ஊரில் இதற்குச் சட்டமே கிடையாது என்பதால் இந்தியாவை ஆய்வில் சேர்க்கவில்லை. டாக்டர்கள் இதை எதிர்ப்பது வருமானத்துக்காகத்தான் என்று ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். ஊரில் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரைகூட போனில் சொன்னால் கடையிலிருந்து வீட்டுக்கே வந்துவிடுகிறது, சீட்டு யாரும் கேட்பதில்லை. உங்கள் கருத்தை அறிய ஆவல்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அம்மாவின் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

விதிகள் மூலம் அதிகாரம் தருவதில் எனக்குப் பெரிய உறுத்தல் இல்லை. எந்த மருந்தை யார் எழுதலாம் என்று சட்டமன்றம் உட்கார்ந்து வரி வரியாகத் தீர்மானிக்க முடியாது. விதி தாய்ச்சட்டத்தின் எல்லைக்குள் நிற்கிறதா என்று கேட்க நீதிமன்றம் இருக்கிறது. 2013-இல் கேட்ஸ் குரூப் என்ற மருந்துக் கடைக் கம்பெனியின் வழக்கில் ஒன்டாரியோவின் மருந்து விதிகளைக் கனடா உச்ச நீதிமன்றம் அப்படிப் பார்த்துத்தான் செல்லும் என்றது. நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள், விடுங்கள். டாக்டர்களின் வருமானம் பற்றிய அத்தியாயத்தையும் தூக்கிவிடுங்கள். அடுத்தவர் மனசுக்குள் புகுந்து எழுதுவது ஆய்வு ஆகாது. மருந்தை எழுதுகிறவரே விற்கவும் செய்தால் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்கிறார்களே, அதற்குப் பதில் எழுதுங்கள்.

ஆனால் "நம் ஊரில் சட்டமே கிடையாது" என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. பி.பார்ம் படித்தவர் எழுதுகிற வாக்கியமா இது? 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆம் விதியைப் படிக்காமலா தேர்வு எழுதினீர்கள்? ஷெட்யூல் எச் என்ற பட்டியலில் உள்ள மருந்தை டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. சீட்டில் ஒரு கம்பெனி மாத்திரை இருந்தால், அதே மருந்தாகவே இருந்தாலும் வேறு கம்பெனியுடையதை மாற்றிக் கொடுக்கக்கூடாது. 2014 மார்ச் முதல் எச்-1 என்று இன்னொரு பட்டியல் போட்டு, அதில் 46 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு, யார் எழுதினார், யார் வாங்கினார், எவ்வளவு என்று குறித்து மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும். எட்மன்டனில் அளவைக் கூட்டிக் குறைத்து, தேவைப்பட்டால் புதிதாகவே மருந்து எழுதும் நீங்கள், கோவில்பட்டியில் கடை போட்டால் சட்டப்படி கம்பெனியைக்கூட மாற்ற முடியாது. நடைமுறையில் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். காகிதத்தில் ஒன்றுமே செய்ய முடியாதவர் கவுன்டரில் எல்லாம் செய்கிறார். நிர்வாகச் சட்டம் படிக்கிற ஆளுக்கு இதைவிடப் பெரிய ஆய்வுப் பொருள் என்ன வேண்டும்?

டப்பாவுக்கு வருகிறேன். அம்மாவுக்கு முட்டுவலி. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மருந்துக் கடையில் போய் "அண்ணாச்சி, அந்த வலி மாத்திரை" என்பாள். அவர் அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் நான்கு மாத்திரை அளவுக்கு வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார். நல்ல மனிதர், கடன் சொன்னாலும் முகம் சுளிக்கமாட்டார். அப்படியே நாலு வருடம், காலையும் ராத்திரியும். பாதம் வீங்கியபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ரத்தத்தில் கிரியாட்டினின் 3.8, சிறுநீரகம் பழுது என்று அர்த்தம். என்ன மாத்திரை சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்டார். வீட்டுக்கு ஓடி வந்து டப்பாவைக் கொட்டினேன். வெட்டிய துண்டுகள், ஐம்பது அறுபது இருக்கும். மருந்தின் பெயர் முழுசாக இருக்கும் துண்டு ஒன்றுகூட இல்லை. ஒன்றில் பாதி எழுத்து, ஒன்றில் சிவப்புக் கோட்டின் நுனி, ஒன்றில் விலை மட்டும். தரையில் உட்கார்ந்து துண்டோடு துண்டைப் பொருத்திப் பொருத்தி, கடைசியில் டைக்ளோஃபெனாக் என்று படித்தேன். கடைக்குப் போய்க் கேட்டால் அண்ணாச்சி உண்மையாகவே விழித்தார். எதை எவ்வளவு கொடுத்தார் என்று அவரிடம் ஒரு வரி இல்லை. பொய் சொல்லவில்லை, எழுதவில்லை, அவ்வளவுதான். மாத்திரையால்தான் சிறுநீரகம் போனது என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. எதை வைத்துச் சொல்வார்? அம்மா இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்தாள்.

அதனால்தான் சொல்கிறேன், அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலேயே நிற்காதீர்கள். அதைக் கையில் வைத்திருப்பவர் காரணத்தை எழுதி வைக்கிறாரா, அந்தக் காரணம் யார் கண்ணில் படும், அதைப் பாருங்கள். உங்கள் ஊரில் நீங்கள் ஒரு மருந்தை எழுதினால் ஏன் எழுதினேன் என்று பதிவு செய்யவேண்டும், நோயாளியின் டாக்டருக்கும் தெரிவிக்கவேண்டும். இதை நீங்கள் அலுவலகச் சுமை மாதிரி ஒரு அடிக்குறிப்பில் தள்ளியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு முழு விஷயமுமே அதுதான்.

1999-இல் வந்த பேக்கர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேவிஸ் பேக்கர் ஜமைக்காவிலிருந்து வந்து வீட்டு வேலை செய்தவர், கனடாவில் பிறந்த நான்கு பிள்ளைகளுக்குத் தாய். மனிதாபிமான அடிப்படையில் இங்கேயே தங்க விடுங்கள் என்று விண்ணப்பித்தார். மறுத்து வந்த கடிதத்தில் காரணம் இல்லை. வக்கீல் கேட்ட பிறகு ஒரு குடிவரவு அதிகாரி எழுதிவைத்திருந்த குறிப்பு வந்தது. அந்தக் குறிப்பையே காரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். பேக்கரின் பிள்ளைகளைப் பற்றியும் மனநோயைப் பற்றியும் அந்த அதிகாரி எழுதிய தொனியிலேயே பாரபட்சத்துக்கு இடம் தெரிகிறது என்று சொல்லி, முடிவை ரத்தும் செய்தது. அந்த நாலு வரியை அவர் எழுதாமல் விட்டிருந்தால் மனசில் இருந்தது மனசிலேயே இருந்திருக்கும், அந்த அம்மாவை நாட்டை விட்டு அனுப்பியிருப்பார்கள்.

ஒரு மருந்தாளுநர் எழுதும் சீட்டு அரசாங்க உத்தரவு இல்லை, அதை நீதிமன்றம் இப்படி மறுஆய்வு செய்யாது என்பீர்கள். சரி, தெரியும். ஆனால் எழுதும் உரிமை பொதுச் சட்டத்திலிருந்து வந்தது, அதைத் தருவதும் பறிப்பதும் சட்டம் உண்டாக்கிய அமைப்பு. நாளைக்கு ஒரு நோயாளி அங்கே புகார் கொடுத்தால் முதலில் திறந்து பார்ப்பது உங்கள் பதிவைத்தான். அந்தப் பதிவு இல்லாத இடத்தில் புகாருக்கே காலில்லை. நான் அண்ணாச்சி கடை வாசலில் நின்றது அப்படித்தான்.

மருந்தாளுநர் எழுதினால் பயன் இருக்குமா என்று யாராவது கேட்டால் உங்கள் மாகாணத்திலேயே நடந்த ஆய்வைக் காட்டுங்கள். 248 ரத்த அழுத்தக்காரர்கள், ஆறு மாதம். மருந்தாளுநர் மருந்து எழுதிக் கவனித்தவர்களுக்கு மேல் அழுத்தம் 18.3 இறங்கியது, மற்றவர்களுக்கு 11.8. 2015-இல் வெளிவந்தது. நான் மருந்தாளுநர்களுக்கு எதிரி இல்லை தம்பி. அண்ணாச்சிக்கும் அந்த உரிமையும் படிப்பும் பதிவேடும் கிடைத்திருந்தால், இரண்டாம் மாதமே "ஏம்மா, இன்னும் வலிக்குதா, ஒரு ரத்தப் பரிசோதனை பாத்துருவோம்" என்று அவரே சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இந்தியாவைச் சேர்த்து இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை. முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அங்கே காரணம் எழுதி வைக்கிறீர்கள், அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு முறையாவது பார்த்தீர்களா? இன்றைக்கு ராத்திரி வீடியோவில் கூப்பிடுங்கள். மாத்திரை டப்பாவை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பெயர், அளவு, தேதி, எந்த நேரத்துக்கு என்று நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். இனிமேல் முழு அட்டையாகவே வாங்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.