யுடிசி வித்தியாசத்தைச் சேமித்தால் போதாதா, டைம்ஸோன் பெயர் எதற்கு?

டேட்டாபேஸில் ‘-05:00’ என்று சேமித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்து முடிந்த நிகழ்வுக்குப் போதும்; வரப்போகும் நிகழ்வுக்குப் போதாது.

‘-05:00’ என்பது யுடிசியிலிருந்து (உலகம் முழுவதற்கும் பொதுவான அடிப்படை நேரம்) அந்தக் கணத்துக்கு உள்ள வித்தியாசம், வெறும் எண். டைம்ஸோன் என்பது ஓர் ஊரின் கடிகாரம் எப்போதெல்லாம் மாறியது, இனி எப்போது மாறும் என்ற விதிகளின் தொகுப்பு. நியூயார்க்கில் தினமும் காலை 9 மணிக்கு மீட்டிங் என்று வையுங்கள். பிப்ரவரியில் ‘09:00 -05:00’ என்று பதிந்தால், 2026 மார்ச் 8 முதல் கோடைநேரத்துக்காக அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவதால் வித்தியாசம் -04:00 ஆகிவிடும். உங்கள் நினைவூட்டல் 10 மணிக்குத்தான் அடிக்கும். உள்ளூர் நேரத்தையும் ‘அமெரிக்கா/நியூயார்க்’ என்ற பெயரையும் சேமித்து, யுடிசியைத் தேவைப்படும்போதெல்லாம் கணக்கிடுங்கள்.

கோடைநேரம் இல்லாத ஊர் என்றாலும் அசட்டையாக இருக்க வேண்டாம். இன்று +05:30 ஆக இருக்கும் கொழும்பு, 1996-இல் +06:30, பிறகு +06:00 என்று மாறி, 2006 ஏப்ரலில்தான் திரும்பியது. 2000-ஆம் ஆண்டுப் பதிவை +05:30 என்று கணக்கிட்டால் அரை மணி பிசகும்.

இன்னொன்று: 2026 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் கோடைநேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி பின்னால் போவதால், அதிகாலை 1:30 இரண்டு முறை வரும். பைத்தான் நிரல்மொழியில் எது வேண்டும் என்பதை ‘ஃபோல்ட்’ என்ற மதிப்பை 0 (முதல் முறை) அல்லது 1 (இரண்டாம் முறை) என வைத்துச் சொல்ல வேண்டும்.