வெளிநாட்டு அஞ்சலட்டை மூலமாக நீங்கள் முதன்முதலில் அறிந்துகொண்ட ஊர் எது?

நீடா. லித்துவேனியாவில், பால்டிக் கடலோரத்து மீனவ ஊர்.

போஸ்ட்கிராசிங் என்று ஒன்று 2005-ல் போர்ச்சுகலில் தொடங்கினார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் அஞ்சலட்டை அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்ததும் உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து வேறொருவர் நமக்கு அனுப்புவார். எந்த நாட்டு அட்டை என்பது தபால்காரர் கொடுக்கும்போதுதான் தெரியும்.

அப்படி வந்த ஓர் அட்டையில் கம்பத்தின் உச்சியில் மரத்தால் செய்த ஒரு கொடி. அதைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக வீடு, மரம், மனிதர்கள், எல்லாம் மரத்தில் செதுக்கியவை. "எங்கள் ஊர்ப் படகுக் கொடி" என்று மட்டும் பின்னால் எழுதியிருந்தது. அன்று இரவு முழுக்க வரைபடமும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

நீடா இருப்பது குரோனியன் மணல்திட்டில். அது 98 கிலோமீட்டர் நீளம். அகலமோ எங்கேயும் நாலு கிலோமீட்டரைத் தாண்டாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். வடபாதி லித்துவேனியா, தென்பாதி ரஷ்யா. யார் எங்கே மீன் பிடிக்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக, 1844-ல் படகுகளில் ஊருக்கு ஒரு கொடி கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. வெறும் அடையாளமாகக் கட்டிய கொடியைச் சுற்றி மீனவர்கள் தங்கள் வீட்டையும் குடும்பத்தையும் செதுக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி.

இன்னொன்றும் தெரிந்தது. காட்டை வெட்டியதால் மணல் கிளம்பி அங்கே பல ஊர்களை மூடியிருக்கிறது. பழைய நீடாவும் மணலுக்குள் போய், ஊரே இடம் மாறியது. பிறகு பைன் மரங்களை நட்டு, பல பத்தாண்டுகள் பாடுபட்டு மணலை நிறுத்தினார்கள். 2000-ல் யுனெஸ்கோ அந்த மணல்திட்டை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. நான் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டு ஓரம், செம்மணல் மேடுகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். மணல் நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அட்டை வந்தால் தபால்தலையையும் பாருங்கள். ஓலாந்துத் தீவுகள் பின்லாந்தைச் சேர்ந்தவை, ஆனால் அங்கே பேசுவது சுவீடிஷ், 1984 முதல் தபால்தலையும் தனி. இதுவும் ஓர் அட்டை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீடாக்காரருக்கு நன்றி எழுதும்போது எங்கள் செம்மணலைப் பற்றியும், பனையும் உடைமரமும் வேர்விட்ட இடத்தில் அது அடங்கி நிற்பதைப் பற்றியும் எழுதினேன். உங்கள் ஊரில் மணல் எந்த மாதம் நகரும் என்று கேட்டு அடுத்த அட்டை வந்தது. ஆடியில் என்று எழுதிப் போட்டிருக்கிறேன்.