சேவைத் திருட்டு வழக்கு: நியூயார்க் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பணம் தராமல் போவது, டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறுவது, மின்சார மீட்டரில் கை வைப்பது என எல்லாவற்றையும் நியூயார்க் மாநிலத் தண்டனைச் சட்டம் 165.15 என்ற ஒரே பிரிவில் அடக்கியிருக்கிறது. பெரும்பாலும் இது ‘ஏ’ வகுப்புச் சிறுகுற்றம். அதிகபட்சம் 364 நாள் சிறை, 1,000 டாலர் அபராதம். முதல் தடவை மாட்டியவர் சிறைக்குப் போவது அபூர்வம். கோர்ட்டை விட்டு எந்தத் தீர்ப்போடு வெளியே வருகிறோம் என்பதுதான் பின்னால் வேலைக்கும் விசாவுக்கும் வந்து நிற்கிறது. வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றியதுதான்.

டாக்ஸியில் வந்து இறங்கியபோது என் கார்டு வேலை செய்யவில்லை. டிரைவர் போலீஸைக் கூப்பிட்டார். கைரேகை எடுத்து, கோர்ட்டுக்கு வரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். நான் மாணவர் விசாவில் இருக்கிறேன். “குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அன்றைக்கே முடிந்துவிடும்” என்கிறார் ரூம்மேட். கட்டிவிடலாமா, சார்?
— மாணவர், பஃபலோ

தயவுசெய்து கட்டாதீர்கள். அன்றைக்கு முடிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். திருட்டு வகைக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடிவரவுச் சட்டம் அதை ஒழுக்கக்கேடான குற்றமாகப் பார்க்க வாய்ப்பு அதிகம். விசா புதுப்பிக்கும்போதும், கிரீன் கார்டு கேட்கும்போதும் அது எழுந்து வரும்.

முதல் வாய்தாவில் “நான் குற்றவாளி இல்லை” என்று மட்டும் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் நீதிபதியிடமே சொல்லலாம், அரசுச் செலவில் ஒருவரை அமர்த்துவார். விசா விவரத்தை அந்த வக்கீலிடம் மறைக்காதீர்கள். 2010-ல் பாடில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தும் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று தீர்ப்பளித்தது. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம் உங்கள் வக்கீல், எதிர்த்தரப்பில் வழக்கு நடத்தும் அரசு வக்கீலிடம் பேசுவார். முன் வழக்கு எதுவும் இல்லாதவருக்குப் பெரும்பாலும் கேட்பது ஏ.சி.டி., அதாவது தள்ளுபடியை எதிர்நோக்கி வழக்கை ஒத்திவைப்பது. உங்களிடம் ஒப்புதல் எதுவும் வாங்காமல் வழக்கை ஆறு மாதம் தள்ளிவைப்பார்கள். அதற்குள் வேறு வம்பு இல்லையென்றால் வழக்கு தள்ளுபடியாகி, கோப்பும் வெளியார் பார்க்க முடியாதபடி முத்திரையிடப்படும். சில சமயம் டாக்ஸி கட்டணத்தைக் கட்டச் சொல்வார்கள், சில நாள் சமூக சேவை போடுவார்கள். கட்டணத்தை நீங்களாகப் போய் டிரைவரிடம் கொடுக்க வேண்டாம். வக்கீல் மூலம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அன்றைக்குக் கார்டு மறுக்கப்பட்டதற்கு வங்கிச் செயலியில் வந்த அறிவிப்பு இருக்கும், அதைப் படமெடுத்து வையுங்கள். ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஏ.சி.டி. கிடைக்காவிட்டால் அடுத்த நிலை, பொது இடத்தில் ஒழுங்கீனம் என்ற பிரிவுக்கு இறக்கிக் கேட்பது. நியூயார்க் சட்டத்தில் அது குற்றமே ஆகாது, விதிமீறல் மட்டும்தான். ஆனால் அதிலும் ஒப்புதல் உண்டு என்பதால், விசாவில் இருப்பவர் குடிவரவு வக்கீல் ஒருவரிடமும் கேட்டுவிட்டுத் தலையாட்டுவது நல்லது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வழக்கு தள்ளுபடியானாலும், விசா படிவத்தில் “எப்போதாவது கைதானீர்களா?” என்ற கேள்விக்கு ஆமாம் என்றுதான் எழுத வேண்டும். கோப்புக்கு முத்திரை வைப்பதற்கு முன்பே, முடிவைக் காட்டும் சான்றிட்ட நகலைக் கோர்ட் அலுவலகத்தில் வாங்கி வையுங்கள்.

எட்டுப் பேராகச் சாப்பிட்டோம். பில்லில் 18 சதவீதம் டிப்ஸை அவர்களே சேர்த்திருந்தார்கள். பரிமாறியது சரியில்லை. சாப்பாட்டுக்கும் வரிக்கும் முழுப் பணம் வைத்து, டிப்ஸைக் குறைத்தோம். போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறார் மேனேஜர்.
— குடும்பத் தலைவி, ரோசெஸ்டர்

2004-ல் லேக் ஜார்ஜில் அச்சு அசலாக இதே போல் நடந்தது. ஆறு பேரோ அதற்கு மேலோ போனால் 18 சதவீதம் என்று அந்த உணவகத்தில் விதி. பத்து சதவீதம்கூட வைக்காத வாடிக்கையாளரைச் சேவைத் திருட்டு என்று கைது செய்தார்கள். வாரன் கவுண்டி அரசு வக்கீல் வழக்கைக் கைவிட்டார், டிப்ஸ் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்பதால்.

ஆனால் சாப்பாட்டுப் பணத்தில் கை வைத்தால் கதை வேறு. ஓட்டலில் சாப்பிட்டுப் பணம் தர மறுத்தால், ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று சட்டமே அனுமானிக்கிறது. அதை உடைக்கும் வேலை நம் தலையில் விழும். பிடிக்காத பதார்த்தத்தை முழுக்கச் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சண்டை போட வேண்டாம். முதல் வாயிலேயே சொல்லுங்கள். பில்லைப் படமெடுங்கள், பணம் கொடுத்த ரசீதை விடாதீர்கள்.

எங்கள் ஊர் டவுன் கோர்ட் நீதிபதி வக்கீலுக்குப் படித்தவரே இல்லையாமே? உண்மையா?
— வாசகர், சிரக்யூஸ் பக்கம்

உண்மைதான். மாநிலத்தில் டவுன், வில்லேஜ் கோர்ட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நீதிபதிகளை ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். வக்கீலாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பயிற்சி எடுத்தால் போதும். பல ஊர்களில் சாயங்காலம்தான் கோர்ட் கூடும், முதல் நாள் அரசு வக்கீல் வராமலும் இருக்கலாம். அதற்காக லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஆகும் தண்டனைப் பதிவு நகரக் கோர்ட்டில் ஆவதற்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை. வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரண்டும் வரும்.

சப்வேயில் தடுப்பைத் தாண்டிய என் பையனுக்குச் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கிரிமினல் கேஸா?
— அம்மா, குயின்ஸ்

சீட்டின் தலைப்பைப் பாருங்கள். டிரான்சிட் தீர்ப்பகத்துக்கு வரச் சொல்லியிருந்தால் அது சிவில் அபராதம், குற்றப் பதிவு கிடையாது. கிரிமினல் கோர்ட் என்றிருந்தால் உடனே வக்கீலைப் பாருங்கள். மன்ஹாட்டன் அரசு வக்கீல் அலுவலகம் இப்படிப்பட்ட பெரும்பாலான வழக்குகளைக் கிரிமினலாக நடத்தப்போவதில்லை என்று 2017-ல் அறிவித்தது. மூன்று டாலர் விவகாரத்துக்கு ஒரு பிள்ளையின் பெயரில் குற்றப் பதிவு ஏறக்கூடாது என்பதுதான் என் கருத்தும்.

பேஸ்மென்டில் வாடகைக்கு வந்தோம். மீட்டரில் யாரோ தில்லுமுல்லு செய்திருப்பதாக மின் கம்பெனி சொல்கிறது.
— குடும்பத்தார், ஆல்பனி

மின்சாரம் யார் வீட்டுக்குப் போகிறதோ அவர் மேல்தான் முதல் சந்தேகம் விழும். குடிவந்த தேதியைக் காட்டும் வாடகை ஒப்பந்தம், முதல் பில், மீட்டரின் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். மீட்டரை நீங்கள் தொடவே வேண்டாம். கம்பெனி ஆளிடம் வாய்மொழியாக விளக்கம் சொல்லாமல், எழுத்தில் கொடுங்கள்.

ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தேன். 2,400 டாலர் தராமல் இழுக்கிறார். அவர் மேல் சேவைத் திருட்டுப் புகார் கொடுக்கலாமா அண்ணா?
— பெயின்டர் தம்பி, லாங் ஐலண்ட்

கொடுக்கலாம் தம்பி, ஆனால் இது சிவில் விவகாரம் என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு நல்ல வழி சிறு உரிமைக் கோர்ட். டவுன், வில்லேஜ் கோர்ட்டில் 3,000 டாலர் வரை, லாங் ஐலண்ட் மாவட்டக் கோர்ட்டில் 5,000, நியூயார்க் நகரில் 10,000 வரை கேட்கலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் சொற்பம். பேசிய தொகையைக் காட்டும் வாட்ஸ்அப் செய்தி, பெயின்ட் வாங்கிய பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கொண்டு போங்கள். போலீஸில் போட்டுவிடுவேன் என்று அவரை மிரட்டிச் செய்தி அனுப்பாதீர்கள். அது உங்கள் மேலேயே திரும்பும்.