14 பேருக்கு டி-ஷர்ட்

கேள்வி: முழுப் பரீட்சை லீவில் எங்கள் குடும்பத்தில் 14 பேர் வேன் வைத்து ராமேஸ்வரம் போகிறோம். எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட ஆசை. டிரான்ஸ்ஃபர் பேப்பர் வாங்கி, வீட்டுப் பிரிண்டரில் படத்தை அச்சடித்து, அயர்ன் பாக்ஸால் ஒட்டிப் பார்த்தேன். அழகாக வந்தது. ஒரே துவையலில் ஓரமெல்லாம் உரிந்துவிட்டது. பையன்கள் இரண்டு பேரும் கறுப்பு டி-ஷர்ட்தான் வேண்டும் என்கிறார்கள். மாமியாரோ புடவை தவிர எதுவும் உடுத்த மாட்டார். என்ன செய்யலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ஓரம் மட்டும் உரிந்தது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. அநேகமாகப் பேப்பர் மேல் குற்றமில்லை. சூடும் அழுத்தமும் ஓரம் வரை போய்ச் சேரவில்லை. கட்டில் மேல் போர்வையை விரித்துத் தேய்த்திருப்பீர்கள், சரியா? மெத்தை அமுங்கும், நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தில் பாதியை அதுவே வாங்கிக்கொள்ளும். நுரை வைத்த அயர்னிங் போர்டும் அப்படித்தான்.

பரணில் பழைய மணைப்பலகை கிடந்தால் எடுங்கள். இதற்கு அதைவிடத் தோதான சாமான் கிடையாது. (பெயின்ட்டில் கோலம் போட்ட மணை வேண்டாம், சூட்டில் பெயின்ட் இளகித் துணியில் ஒட்டும்.) தரையில் வைத்து, மேலே ஒரு பருத்தித் தலையணை உறையைச் சுருக்கமில்லாமல் விரித்து, முட்டி போட்டு உட்கார்ந்து உடம்பின் பாரம் முழுவதையும் கையில் இறக்கி அழுத்த வேண்டும். சட்டை தேய்ப்பது போல முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. ஓரிடத்தில் வைத்து அழுத்து, எடு, பக்கத்தில் வை, அவ்வளவுதான். ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் தனியாக ஒரு சுற்று. எத்தனை நொடி என்பது பேப்பருக்குப் பேப்பர் மாறும். சூட்டோடு உரிப்பதா ஆறியபின் உரிப்பதா என்பதும் அப்படியே. பாக்கெட்டில் போட்டிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள்.

ஸ்டீம் அயர்ன் என்றால் ஸ்டீமை நிறுத்தி, தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். அதன் அடியில் ஓட்டை இருக்கும் இடங்களில் சூடு படாது என்பதால் நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டும். பழைய கனமான பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கொடுக்கலாமே என்று தோன்றும். கனம் என்னவோ சரிதான், ஆனால் கரிப்பெட்டிச் சூட்டுக்கு அளவு கிடையாது. போதாததற்கு அவர் கை பழக்கத்தில் இழுத்துத்தான் தேய்க்கும்.

புது டி-ஷர்ட்டை ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகே ஒட்ட வேண்டும். கம்பெனிக் கஞ்சி போகட்டும், சுருங்குகிற துணி முதலிலேயே சுருங்கட்டும். ஒட்டுவதற்கு முன் வெறும் துணியை ஒரு தடவை தேய்த்து ஈரத்தையும் விரட்டிவிடுங்கள். சுத்தப் பருத்தியாக வாங்குங்கள். திருப்பூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் காதர்பேட்டையில் 180 ஜிஎஸ்எம் (துணியின் கனத்தைச் சொல்லும் அளவு) ரவுண்ட் நெக் என்று கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். விளையாட்டுக்குப் போடும் வழுவழு பாலியெஸ்டர் டி-ஷர்ட் இந்தச் சூட்டைத் தாங்காது.

பையன்கள் விஷயத்துக்கு வருவோம். வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் வெறும் பேப்பர்தான். வெளிர் துணிக்கான பேப்பரைக் கறுப்பில் ஒட்டினால் படமே தெரியாது. அடர் நிறத்துக்கென்று வெள்ளைப் பூச்சு உள்ள பேப்பர் தனியாக விற்கிறது. ஆனால் அது தடிமன். மே மாத ராமேஸ்வரத்தில் நெஞ்சில் பிளாஸ்டிக் அட்டையைக் கட்டிக்கொண்டு திரிவது போல இருக்கும். மற்றவர்களுக்குச் சந்தன நிறமோ வெளிர் நீலமோ எடுங்கள். பையன்கள் அடம்பிடித்தால் அந்த இரண்டை மட்டும் டிடிஎஃப் பிரிண்ட் (படத்தை ஃபிலிமில் அச்சடித்துத் துணியில் ஒட்டுவது) போடும் கடையில் கொடுத்துவிடுங்கள். அதில் வெள்ளை மையும் உண்டு.

வெளிர் துணிப் பேப்பரில் படத்தைத் திருப்பி, கண்ணாடியில் தெரிவது போல அச்சடிக்க வேண்டும். அடர் நிறப் பேப்பரில் திருப்பக் கூடாது. என் தங்கை பையனின் பிறந்தநாளுக்கு நான் செய்த முதல் டி-ஷர்ட்டில் அவன் பெயரைக் கண்ணாடி முன்னால் நின்றால்தான் படிக்க முடிந்தது. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அதைப் போட்டுக் காட்டி இரண்டு வருஷம் என் மானத்தை வாங்கினான்.

எழுத்து தடியாக இருக்கட்டும். ஒவ்வொரு எழுத்தாக வெட்டினால் புள்ளிகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே வட்டமாகவோ நீள்வட்டமாகவோ வெட்டுங்கள். கூர் மூலைதான் முதலில் உரியும். இன்க்ஜெட் பேப்பரை ஆபீஸ் லேசர் பிரிண்டரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். உள்ளே உருகி ஒட்டினால் டி-ஷர்ட் செலவைவிட ரிப்பேர் செலவு கூடிவிடும்.

மாமியாருக்கு மஞ்சப்பை! பருத்திப் பையில் இதே படம் நன்றாக ஒட்டும். மஞ்சள் மேல் நீலம் பச்சையாகத் தெரியும் என்பதால் கறுப்பிலோ அடர் சிவப்பிலோ அச்சடியுங்கள். மாத்திரை, திருநீறு, வெற்றிலை எல்லாம் அதில்தான் போகும். குரூப் போட்டோவில் பையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னால் மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்?

இன்னொன்று. 22 தீர்த்தம் ஆடும் நாளில் இந்த டி-ஷர்ட் வேண்டாம். அக்னி தீர்த்தத்து உப்புத் தண்ணீர், அப்புறம் வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர். வீட்டில் ஒட்டிய படத்துக்கு அது தாங்காத சோதனை. தனுஷ்கோடி போகிற அன்று போடுங்கள், அரிச்சல்முனையில் போட்டோவும் நன்றாக வரும். ஊர் திரும்பியதும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பச்சைத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். கல்லில் அடிக்காதீர்கள், படத்தின் மேல் நேராகத் தேய்க்கவும் வேண்டாம்.

இப்போதைக்கு ஒரே ஒரு டி-ஷர்ட்டை மணையில் வைத்து ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டு, இரண்டு தடவை துவையுங்கள். ஓரம் நின்றால் மீதியைத் தொடங்கலாம். பேப்பரில் இரண்டு மூன்று தாள் உபரியாக இருக்கட்டும். புறப்படுவதற்கு முந்தின நாள் பதினைந்தாவது ஆள் ஒருவர் கட்டாயம் வந்து சேருவார்.