அரசு விலகினால் பொறுப்பு வருமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எதற்கெடுத்தாலும் அரசை எதிர்பார்க்கும் சமூகமாகிவிட்டோம். வரி கட்டியதோடு கடமை தீர்ந்தது என்று ஒரு சாரார், உதவித்தொகை வரட்டும் என்று இன்னொரு சாரார். முதியோருக்கு ஓய்வூதியம் வந்தபின் பெற்றோரைப் பேணும் பொறுப்பையும் பிள்ளைகள் கைகழுவிவிட்டார்கள். அரசு கையை விரித்தால்தான் மனிதர்களிடம் பொறுப்புணர்வும் தியாகமும் திரும்ப வரும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வரியோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். அரசால் செய்யவே முடியாத காரியங்கள் உண்டு. ரத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு ரத்த வங்கி கட்டலாம், பரிசோதனைக் கூடம் அமைக்கலாம். ரத்தத்தை உற்பத்தி செய்ய முடியாது. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாட்கள் வைத்திருக்கலாம். தட்டணுக்களைப் பொதுவாக 5 நாட்கள்தான். ஆகவே இந்த வாரமும் யாராவது வந்து கையை நீட்டியாக வேண்டும். தன் ரத்தம் யாருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியப்போவதுமில்லை.

ஆனால் 'அரசு கையை விரித்தால்' என்கிறீர்களே, அங்கே முரண்படுகிறேன். அரசு ஒதுங்கினால் வேலை மறைந்துவிடாது, வேறொருவர் தலையில் விழும். படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். நள்ளிரவிலும் இதற்கு விடுப்பு கிடையாது. வீட்டுக்கு வரும் செவிலியர் இல்லையென்றால் இதைச் செய்வது யார்? பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். அவள் வேலையை விட வேண்டியிருக்கிறது. உனக்குச் சம்மதமா என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை. பிறகு நான்கு பேர் கூடி அவளைத் தியாகி என்று புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நீங்கள் தேடும் பொறுப்புணர்வுக்கு எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அலி மாவ் மாலின். சோமாலியாவின் மெர்கா நகரில் மருத்துவமனைச் சமையல்காரர். 1977 அக்டோபரில், பெரியம்மை கண்ட குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்ட ஏறிக்கொண்டார். சில நிமிடப் பயணம், நோய் தொற்றிவிட்டது. வலிக்கும் என்று பயந்து தடுப்பூசியைத் தவிர்த்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி அவர்தான். பிழைத்துக்கொண்டார். 1991இல் அந்நாட்டின் மைய அரசே சரிந்துபோனது. மாலின் பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியில் தன்னார்வலராகச் சேர்ந்தார். குழந்தைக்கு மருந்து கொடுக்கத் தயங்கிய பெற்றோரிடம் தன் கதையைச் சொல்லி மனம் மாற்றினார். 2013இல் அந்தப் பணியில் இருந்தபோதே மலேரியா கண்டு இறந்தார்.

யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அதேசமயம், போலியோ சொட்டு மருந்து சூடுபட்டால் வீணாகிவிடும். தொழிற்சாலையிலிருந்து கடைசி வீடு வரை குளிர் குறையாமல் அதைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு பெரிய பொது ஏற்பாடு தேவைப்பட்டது. அது இல்லாத ஊரில் மாலினால் கதை மட்டும்தான் சொல்லியிருக்க முடியும், குழந்தை வாயில் ஊற்ற எதுவும் இருந்திருக்காது.

ஓய்வூதியத்துக்கு வருகிறேன். 1889இல் ஜெர்மனி முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது 70 வயதானவர்களுக்குத்தான் அது கிடைத்தது. அதற்கு முன்னால் எல்லாப் பெற்றோரையும் பிள்ளைகள் தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று நான் நம்பவில்லை. கைகழுவ நினைக்கும் பிள்ளை ஓய்வூதியம் வராவிட்டாலும் கழுவத்தான் செய்வான். அப்போது தாய் மருந்துச் சீட்டோடு அவன் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். மாதாமாதம் தன் பெயருக்கே ஒரு தொகை வந்தால் மருந்துக்காவது அவனைக் கெஞ்ச வேண்டியதில்லை. அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பதுதான் பாக்கி. அதை அவனுக்குப் பதிலாக எந்த அரசும் செய்யப்போவதில்லை.

உங்களுக்குத் தெரிந்த குடும்பங்களை மனதில் வைத்து இதை யோசித்துப் பாருங்கள். நான் சொன்னது தவறென்று தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்