46 போட்டும் குரல் வெட்டுது: குறி எல்லையில நிக்குது

வணக்கம் அண்ணா. கொக்குவில் கடையில இருந்து கொழும்புக் கிளைக்கு எடுக்கிற ஐபி தொலைபேசியில குரல் வெட்டி வெட்டி வருது, ரவுட்டரில 46 எண்டு முன்னுரிமைக் குறி (குரலை முதல்ல விடச் சொல்லுற டிஎஸ்சிபி இலக்கம்) போட்டும் மாற்றமில்லை எண்டு எழுதியிருந்தீங்கள்.

நீங்கள் குறி போட்டதில பிழையில்லை. கொழும்பு முனையில வந்து சேருற தரவுப் பொதிகளை (பாக்கெட்) பிடிச்சுப் பாருங்கோ. பொதியின்ர தலைப்பில குறி இருக்கிற ரீஓஎஸ் எண்ட பைட்டில 184 இருக்க வேணும்; குறி அதின்ர மேல் ஆறு பிட்டில இருக்கிறதால 46ஐ நாலால பெருக்கினது. அநேகமா 0 தான் இருக்கும், வழியில குறியை அழிச்சிருப்பினம். போன மாதம் ஒரு அலுவலகத்தில நானும் இதைத்தான் கண்டனான்.

இந்தக் குறியை ஆரும் போடலாம், 64 பெறுமதியில விரும்பினதை. வெளி வலையமைப்பு அதை அப்பிடியே நம்பினால் படம் இறக்கிறவரும் 46 போட்டு முன்னுக்கு வந்திடுவார். பிறகு உங்கட குரலுக்கு எங்க இடம்? அதனால இணைய நிறுவனம் தன்ர வலையமைப்பின்ர எல்லையில குறியை அழிக்கிறது வழமை. ஒப்பந்தம் போட்டுக் காசு கட்டின தனி இணைப்பில மதிப்பினம், அதுவும் பேசின அளவுக்குத்தான்.

நெரிசல் பெரும்பாலும் உங்கட அப்லோட் பக்கம்தான். அது 10 மெகாபிட் எண்டால் ரவுட்டரில 9 ஆகக் கட்டுப்படுத்துங்கோ. அப்ப காத்திருக்கிற பொதிகளின்ர வரிசை மோடத்தில சேராமல் உங்கட ரவுட்டருக்குள்ளயே நிக்கும். அங்க 46க்கு முழு மரியாதை. சிசிடிவி பதிவு மேல ஏறுற நேரமாப் பாத்து ஒருக்கால் அழைச்சிட்டுச் சொல்லுங்கோ.