ஓகோனீ மணிப்பூ: கேள்வி பதில்

கேள்வி: இந்தப் பூவைக் காட்டில் எப்படி அடையாளம் காண்பது?

பதில்: பூவை விட்டுவிட்டு இலையைத் தேடுங்கள். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியில், வட கரோலைனா, தென் கரோலைனா, ஜார்ஜியா மாநிலங்களின் ஓடைக்கரைகளில், ரோடோடென்ட்ரான் புதர்களின் நிழலில் இது தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். ஓரத்தில் பல்வெட்டுள்ள வட்ட இலைகள் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். குளிர்காலத்திலும் உதிராமல் செம்பு நிறம் கொள்ளும். மார்ச் நடுவிலிருந்து சில வாரங்கள் மட்டும், சிவந்த காம்பின் நுனியில் ஒற்றை வெண்பூ தலைகவிழ்ந்து நிற்கும். அதன் ஐந்து இதழ்களின் விளிம்பும் குழந்தை கத்தரித்த காகிதம்போல் ஒழுங்கற்றிருக்கும்.

கேள்வி: ஏறக்குறைய நூறாண்டுகள் தொலைந்துபோன செடி என்கிறார்களே?

பதில்: செடி எங்கும் போகவில்லை, தேடியவர்கள்தாம் இடம் மாறித் தேடினார்கள். பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஆந்த்ரே மிஷோ 1788 டிசம்பரில் பூவின்றிக் காயோடு சேகரித்த மாதிரியை, 1839-இல் பாரிஸில் கண்ட அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே, கென்டக்கித் தாவரவியலாளர் சார்ல்ஸ் ஷார்ட்டின் நினைவாக அதற்கு ஷார்ட்டியா என்று பெயரிட்டார். மாதிரியின் சீட்டில் ‘கரோலைனாவின் உயர்ந்த மலைகள்’ என்றிருந்ததை நம்பி கிரே சிகரங்களில் ஏறித் தேட, செடியோ பள்ளத்தாக்கின் ஓடையோரங்களில் இருந்தது. 1877-இல் வட கரோலைனாவின் கட்டாபா ஆற்றங்கரையில் அதைக் கண்டெடுத்தவர் 17 வயது ஜார்ஜ் ஹயம்ஸ். பெயருக்குரிய ஷார்ட் 1863-இலேயே காலமாகிவிட்டார். தம் பெயர் தாங்கிய செடியை அவர் உயிரோடு பார்த்ததேயில்லை.

கேள்வி: ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது?

பதில்: பொடிப்பொடியான இதன் விதைகள் விரைவில் முளைப்புத்திறன் இழப்பவை. சருகு மூடிய தரையில் அவை வேரூன்றுவது கடினம். கரை சரிந்து புதிதாகத் தெரியும் ஈர மண்ணே அவற்றுக்கு ஏற்றது. மற்றபடி ஓடுதண்டுகளால் மெல்லப் படர்வதே இதன் வழக்கம். இத்தகைய செடிக்கு வாழிடம் போனால் வேறிடம் தேடிப் பரவுவது எளிதன்று. 1970-களில் தென் கரோலைனாவில் ஜோகாஸி ஏரி என்னும் நீர்த்தேக்கம் நிரம்பியபோது, இது செழித்திருந்த ஓடைக்கரைகளில் பெரும்பகுதி நீரில் மூழ்கியது.

கேள்வி: காட்டிலிருந்து ஒரு செடி எடுத்து வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். நாற்றுப்பண்ணையில் பெருக்கிய செடியையே வாங்குங்கள். அமில மண்ணும் நிழலும் வற்றாத ஈரமும் கொடுங்கள்.

கேள்வி: நேரில் பார்க்க எங்கே போகலாம்?

பதில்: ஜோகாஸி ஏரிக்கரையில் உள்ள டெவில்ஸ் ஃபோர்க் மாநிலப் பூங்காவில் இப்பூவின் பெயரிலேயே ஒரு நடைபாதை உள்ளது. மார்ச் பிற்பாதியில் செல்லுங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், இலைத்திட்டுகள் ஓரத்திலேயே தொடங்கிவிடும்.